ஐட்லிங்கில் எத்தனை ஆம்பியர் வருகிறது?

காரில் பாஸ் ஒலிக்காக மாட்டும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்கான ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பெட்டியில் 3000 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் உள்ளே போகக்கூடியது 60 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது காரில் இருக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். கிளாஸ் டி எனும் சிக்கன வகை ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, கையில் நிற்பது 660 வாட். 3000 எங்கிருந்து வந்தது என்பதை அச்சடித்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

நிஜமாகவே 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) தரும் கிளாஸ் டி ஆம்ப் முழு மூச்சில் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டில் பாஸ் விட்டுவிட்டு வருவதால் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 30 எங்கிருந்து வரும்?

இன்ஜின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், ஒர்க்‌ஷாப் பாஷையில் டைனமோ. சின்ன ஹேட்ச்பேக்குகளில் அது பெரும்பாலும் 65 முதல் 90 ஆம்பியர் வரைதான். அந்த எண்ணும் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. இன்ஜின் புல்லி 150 மிமீ, ஆல்டர்னேட்டர் புல்லி 55 மிமீ என்றால், கார் நிற்க இன்ஜின் மட்டும் சும்மா ஓடும் 750 ஆர்பிஎம் ஐட்லிங்கில் அது சுற்றுவது 2045 தடவை. அந்த வேகத்தில், அதுவும் சூடேறிய பிறகு, 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 40 தந்தாலே பெரிது. ஹெட்லைட்டுக்கு 9, இன்ஜினுக்கு 10 முதல் 15, ஏசி கிளட்ச், புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்த்து 20. கையிருப்பு தீர்ந்துவிட்டது. சிக்னலில் நிற்கையில் பாட்டு முழுக்க பேட்டரியின் செலவில்தான் ஓடுகிறது.

இதன் பின்னாலிருக்கும் இயற்பியல் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒரு மின்காந்தம். கார்பன் பிரஷ் வழியாக அதற்குச் சில ஆம்பியர் போகிறது, ரெகுலேட்டர் அதைக் கூட்டிக் குறைத்து வெளியே வரும் வோல்டேஜை 14 பக்கத்தில் நிறுத்துகிறது. ரோட்டர் சுற்றச் சுற்ற, சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் காயிலில் மும்முனை ஏசி மின்சாரம் (திசை மாறி மாறி ஓடுவது) பிறக்கிறது. டயோடுகள் அதை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குகின்றன. பிறக்கும் வோல்டேஜ், காயிலின் சுற்று எண்ணிக்கையையும் (கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்பது) ரோட்டரின் வேகத்தையும் பொறுத்து ஏறும். ஆனால் காயில் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தைத் தானே தடுக்கவும் செய்யும். அந்தத் தடை வேகத்தோடும், சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் வேகம் அடிபட்டுப் போகிறது, உச்ச ஆம்பியரைத் தீர்மானிப்பதாகச் சுற்று எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது. எவ்வளவு விரட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் ஆம்பியர் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

'தடிமனான கம்பி போட்டுக் காயில் கட்டித் தருகிறேன், 120 ஆம்பியர் வரும்' என்ற வாக்குறுதியின் சூட்சுமமும் இதில் இருக்கிறது. கம்பி தடிமனானால் அதே இடத்தில் குறைவான சுற்றுகளே அடங்கும். சுற்றை 10 சதவீதம் குறைத்தால் உச்ச ஆம்பியர் சுமார் 11 சதவீதம் கூடும். ஆனால் சார்ஜ் ஏறத் தொடங்கும் வேகமும் அதே அளவு மேலே போய்விடும். ஹைவேயில் பிரமாதம், சிக்னலில் முன்பைவிட மோசம். வாங்கும்போது உச்ச ஆம்பியரைக் கேட்காதீர்கள், சூடான நிலையில் ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது எவ்வளவு என்று கேளுங்கள். வட்டக் கம்பிக்குப் பதில் சதுரச் செப்புத் துண்டுகளை ஹேர்பின் போல வளைத்துச் செருகிய ஸ்டேட்டர்கள் இங்கேதான் ஜெயிக்கின்றன. ஸ்டேட்டரின் அதே காடிக்குள் (பள்ளத்துக்குள்) செம்பு அதிகம் அடங்குவதால் தடை குறைவு, சூடும் குறைவு.

சின்ன புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டலாம்தான். 55ஐ 48 மிமீ ஆக்கினால் ஐட்லிங்கில் 2344 ஆர்பிஎம் கிடைக்கும். இன்ஜின் 6000 தொடும்போது ஆல்டர்னேட்டர் 18,750 தொடும், பல ஆல்டர்னேட்டர்கள் தாங்கும் எல்லை 18,000 பக்கம். போதாததற்கு, சின்ன புல்லியைப் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் பரப்பும் குறைவு, கீச்சென்று கத்தி வழுக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். இன்ஜின் சூடாக, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு, ஐட்லிங்கில் 50 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான பாஸ் ஒலி) ஆம்பில் சில விநாடிகள் ஓட விட்டு, பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 13.8 நின்று ஆம்பில் 12.8 காட்டினால் குற்றம் ஒயரில். பேட்டரியிலேயே 12.6க்குக் கீழே இறங்கினால்தான் ஆல்டர்னேட்டர் போதவில்லை என்று அர்த்தம்.

ஒயர் கோளாறுதான் அதிகம். 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், 100 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 50 ஸ்கொயர் எம்எம் என்றால் 0.18 வோல்ட்தான். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய ஒயர் விலை குறைவு, ஆனால் தடை ஒன்றரை மடங்கு. முதலில் மூன்று ஒயர்களைத் தடிமனாக்குங்கள்: ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு. எர்த் போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் தகடு தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஒயர் நுனியில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டியது ஒரு வருஷத்தில் தளர்ந்து சூடேறும். 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் பாசிட்டிவ் ஒயரில் 250 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து 45 செமீக்குள்.

அதன் பிறகும் போதாவிட்டால் ஆல்டர்னேட்டரை மாற்றலாம். 14.4 வோல்ட்டில் 200 ஆம்பியர் என்பது 2880 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 முதல் 60 சதவீதம்தான் என்பதால் பெல்ட் வழியாக இன்ஜின் கொடுக்க வேண்டியது 5 கிலோவாட், ஏறக்குறைய 7 குதிரைசக்தி. பழைய பெல்ட்டும் தளர்ந்த டென்ஷனரும் இதைத் தாங்காது.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். ஆல்டர்னேட்டர் எவ்வளவு வோல்ட் தர வேண்டும் என்பதை இசியு, அதாவது இன்ஜினை ஆளும் கணினி, தீர்மானிக்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க 12.8 வரைகூட இறக்கிவிடும். பேட்டரி நெகட்டிவ் முனையில் இருக்கும் சின்னக் கறுப்பு சென்சார்தான் அதன் கண். ஆம்பின் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் இழுக்கும் ஆம்பியர் அந்தக் கண்ணுக்குத் தெரியாது, சார்ஜ் கணக்கு தப்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில்தான் மாட்ட வேண்டும்.

மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென விடும் 1 ஃபாரட் கெப்பாசிட்டரை ஆம்ப் பக்கத்தில் வைத்தால் போதாதா? 14.4லிருந்து 12.4க்கு இறங்கும்போது அது தருவது 27 ஜூல். 1000 வாட் சுமைக்கு 27 மில்லிசெகண்ட், 40 ஹெர்ட்ஸ் பாஸின் ஒரே ஓர் அதிர்வு.

புது ஆல்டர்னேட்டரை மாட்டும் முன் பேட்டரியைத் தனிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிடுங்கள். செத்த பேட்டரியை நிரப்பும் வேலையை முதல் நாளே அதன் தலையில் கட்டினால் டயோடு வெந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் 'சார்ஜ் வருகிறதா' என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இசியுவையே கொன்றுவிடும். அதற்குப் பதில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனையில் தொடுங்கள். 0.1க்குள் இருந்தால் டயோடுகள் நலம். 0.5 தாண்டி, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ஊளை ஏறி இறங்கினால், டயோடு ஒன்று போயிருக்கிறது.