தொலைதூரப் பட்டம்: பணம் கட்டும் முன்

மன்னார்குடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் ஒரு ரசீதைக் காட்டினாள். நான்காக மடித்து மணிபர்சில் வைத்து வைத்து மடிப்பே கிழிந்துவிட்டது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. மாடியில் இயங்கிய ஒரு 'மையத்தின்' ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். மூன்று வருஷக் கட்டணம் போனது போனதுதான்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்த தொலைதூரப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். ஆனால் அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் என்று பார்த்துத் தருகிறார்கள். 'எங்களுடையது பழைய யுனிவர்சிட்டி' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், நீங்கள் சேரும் பருவத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வையுங்கள். நாளைக்கு வேலையில் சேர்ந்து உண்மைத்தன்மைச் சான்று கேட்கும்போது, மூன்று அலுவலகம் ஏறி இறங்குவது நீங்கள்தான். நர்சிங், இன்ஜினியரிங் பட்டம் தபாலில் கிடையவே கிடையாது.

பெரிய பள்ளம் பிளஸ் டூ. பத்தாவதோடு நின்றவர்களை, பிளஸ் டூ இல்லாமலே நேராக டிகிரி என்று கூப்பிடுவார்கள். பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009-லேயே அரசாணை எண் 107 வந்துவிட்டது. சேர்க்கும்போது இதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. தனித்தேர்வராக பிளஸ் டூவை முடித்துவிட்டுச் சேருங்கள். இரண்டு வருஷம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

2024 முதல், சேர்க்கைக்கு டெப் ஐடி கட்டாயம். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு (DEB) இணையதளத்தில் எடுக்கும் மாணவர் அடையாள எண் அது. அதை உங்கள் செல்போன் எண்ணில் நீங்களே எடுங்கள். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால் என்றால் அதைச் சேருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் இ-சேவை மையத்தில் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் என்று, மயிலாடுதுறை பக்கத்து மூவலூரின் பெயரைத் தாங்கிய திட்டம். நடவு முடித்துவிட்டு ராத்திரியில் படிக்கிற அதே ஊர்ப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். ரசீதில் அதன் பெயரும் உங்கள் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.