பைக்கின் கழற்றும் பெட்டியில் ஆண்டெனா: மாட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்

இந்த வாரமும் பைக்கில் போகும்போது பேசுகிற வயர்லெஸ் செட் ஒன்று ரிப்பேருக்கு வந்து சேர்ந்தது. "நேத்து வரைக்கும் நல்லா பேசுச்சுண்ணே, காலையில தனுஷ்கோடி போறப்ப நான் பேசினது யாருக்குமே கேட்கலை." பெட்டி எங்கே தம்பி என்றேன். லாட்ஜ் ரூமில். ஆண்டெனா? பெட்டி மேல்!

ஆண்டெனா இல்லாமல் பட்டனை அமுக்கிப் பேசினால் வெளியே போக வேண்டிய பவர் செட்டுக்குள்ளேயே திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். நல்ல செட்டுகளில் இதற்குப் பாதுகாப்பு இருக்கும், விலை மலிவான செட்டில் அதை நம்பிப் பேசாதீர்கள். பாட்டு கேட்க எஃப்எம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அவர்களுக்குப் பாட்டு இரையும், அவ்வளவுதான்.

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரைக்கும் வண்டி வயரிங்கும் வயர்லெஸ் செட்டும் பார்க்கிற ஆள் என்கிற முறையில் நான் முதலில் கேட்பது, ஆண்டெனா பெட்டியில் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான். செட் வண்டியில் இருந்தால் ஆண்டெனாவையும் வண்டியின் பின் ரேக்கில் மாட்டுங்கள். பெட்டி வரும், போகும், அதற்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமே இருக்காது. இல்லை, செட்டே பெட்டிக்குள்தான் என்றால் ஆண்டெனாவும் அதே பெட்டியில் இருக்கட்டும். அப்போது வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கழற்றி மாட்ட வேண்டியது இரண்டு பவர் வயர் மட்டும்தான். ஃப்யூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், செட் பக்கத்தில் இல்லை. பெட்டியைக் கழற்றிய பிறகும் வண்டியில் தொங்கும் முனையில் கரண்ட் இருக்கிறது, அது ஃபிரேமில் உரசினால் வயர் மொத்தமும் உருகும். அதனால் வண்டிப் பக்கம் ஊசி வெளியே நீட்டாத, உள்ளடங்கிய கனெக்டர்தான் வர வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது?

சரி, இப்போது எனக்கு ரத்தக்கொதிப்பு வரவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "எர்த் கொடுத்திருக்கேண்ணே." பிளாஸ்டிக் பெட்டி மேல் ஆண்டெனா, அதன் அடியிலிருந்து ஒரு பச்சை வயர், நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. ஹாரனுக்கும் லைட்டுக்கும் அது எர்த்தான். இந்த செட் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது எர்த் இல்லை. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர், கால் அலை என்றால் அரை மீட்டர். அரை மீட்டர் வயரின் ஒரு முனையை நீங்கள் எவ்வளவு நல்ல எர்த்தில் கட்டினாலும், மறுமுனையில் ஆண்டெனாவின் கண்ணுக்கு அது அறுந்துபோன வயர் மாதிரிதான் தெரியும். மல்டிமீட்டரில் பீப் வருகிறதே என்று வாதாடுவார்கள். பீப் வரும், மல்டிமீட்டர் பார்ப்பது பேட்டரி கரண்டை. வயரை இன்னும் நீட்டினால் அதுவே இன்னொரு ஆண்டெனா ஆகி, சீட்டுக்கு அடியில் கிடந்து அலையை வீசும். பட்டனை அமுக்கும்போது மீட்டர் முள் துள்ளுகிறது, 2020க்குப் பிறகு வந்த, எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த பிஎஸ்6 வண்டியில் இன்ஜின் திணறுகிறது என்று வருவதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான், வண்டிக் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கால் அலை நீள ஆண்டெனாக் கம்பிக்கு வேண்டியது வயர் இல்லை, அடியில் பரந்த உலோகம். அலுமினியப் பெட்டி மூடி ஓரளவுக்குப் போதும், ஆனால் மாட்டுகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டினால்தான் உலோகத்தோடு உலோகம் சேரும். பிளாஸ்டிக் பெட்டி என்றால் மூடியின் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு வைத்து ஆண்டெனாவின் அடிப்பாகம் அதைத் தொடும்படி முடுக்குங்கள். அதுவும் முடியாதென்றால் அடித்தகடு தேவைப்படாத அரை அலை ஆண்டெனா வாங்குங்கள். அது ஒரு மீட்டர் உயரம் வரும், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பாம்பன் பாலத்தில் பெட்டி மூடியையே நெம்பும், ஆகவே மறுபடியும் ரேக்தான். படகில் கிடந்த ஆண்டெனாவைக் கொண்டுவந்து மாட்டுவதும் வேண்டாம், அது கடல் அலைவரிசைக்கு, 156.8 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வெட்டியது.

அடுத்தது உப்பு. மதுரையில் வருஷக்கணக்கில் தாங்கும் ஜாயின்ட் இங்கே அத்தனை நாள் தாங்காது. பித்தளை மவுன்ட்டை அலுமினியத்தில் முடுக்கினால் நடுவில் வெள்ளைப் பொடி கட்டும், அலுமினியம்தான் கரையும். கேபிள் முனையில் புகுந்த ஈரம் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிப் பின்னல் வழியாக ஏறிக்கொண்டே போகும், வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும் அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அந்தக் கேபிளைக் கழுவிப் பயன் இல்லை, மாற்றுங்கள். அடிக்கடி கழற்றும் இடத்தில் பிஎன்சி கனெக்டர் வசதி, ஆனால் தண்ணீர் புகும், கழற்றியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போடுங்கள். N டைப் கனெக்டர் திருகிக் கழற்றக் கொஞ்சம் நேரமாகும், உள்ளே ரப்பர் வளையம் இருப்பதால் ஈரத்துக்கு அது மேல். வீட்டு வயர் மாதிரி கோஆக்ஸை, அதாவது ஆண்டெனாக் கேபிளை, சீவி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கம்பி நுனியில் ஒரு குமிழ் போடுங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் கண் இருக்கிறது. அவர் தலைக்குப் பக்கத்தில் ஆண்டெனா என்றால் பவரைக் குறைத்து வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் இந்த செட்டில் பேசக்கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதுவும் இங்கே மண்டபம் ஊரில் கடலோரக் காவல் படை, உச்சிப்புளியில் கடற்படை இருக்கிறது. கடலில் தத்தளிக்கிறவன் கூப்பிடுகிற சேனல் 16இல், அதாவது அந்த 156.8 மெகாஹெர்ட்ஸில், "ஹலோ ஹலோ" என்று சோதித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

ரிப்பேருக்கு வரும்போது பெட்டி, கேபிள், ஆண்டெனா எல்லாவற்றையும் வண்டியோடு கொண்டு வாருங்கள். செட்டை மட்டும் கொடுத்தால் டிரான்சிஸ்டரை மாற்றித் தருவேன், காசும் வாங்கிக்கொள்வேன், அது மறுபடியும் போகும்.