மாமாவின் சீக்கோ என்ன மாடல்?

மாமா சிங்கப்பூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சீக்கோ 5 வாட்ச் போன வருடம் என் கைக்கு வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் டயலைப் பார்த்துவிட்டு "சீக்கோ ஃபைவ்தானே" என்றார்கள். அது மாடலின் பெயர் இல்லை. 1963-இல் தொடங்கி இன்றுவரை நீளும் ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். மாடல் எண் பின்மூடியில், மணிக்கட்டை ஒட்டினாற்போல இருக்கும்.

மாமாவின் வாட்சில் அந்த இடம் முழுக்க பல வருட வியர்வை அழுக்கு. பழைய டூத் பிரஷை லேசாக ஈரமாக்கித் தேய்த்தேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்ததும், பள்ளங்களில் நிழல் விழுந்து எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: 7009-876ஏ.

முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். கோட்டுக்குப் பிறகு வருவது வெளிக்கூட்டின் எண். இரண்டும் சேர்ந்ததுதான் மாடல்.

7009 என்று தெரிந்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தேய்மானத்தைக் குறைக்கும் 17 குட்டிக் கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. கை அசையும்போது அரைவட்ட எடை ஒன்று சுழலும். அதோடு இணைந்த இரண்டு கைக் கொக்கியில் ஒரு கை பல்சக்கரத்தைத் தள்ளும், மறு கை இழுக்கும். எடை எந்தப் பக்கம் ஆடினாலும் சக்கரம் ஒரே பக்கம் திரும்பி ஸ்பிரிங்கை முறுக்கும். மேஜிக் லீவர் என்ற இந்த ஏற்பாட்டை சீக்கோ 1959-இல் கொண்டுவந்தது. இதில் சாவி கொடுக்க வேண்டியதே இல்லை, 7009-இல் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் நேரம் வைக்கும் திருகு 4 மணிப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. இது தெரியாமல், சாவி ஏறவில்லை, கெட்டுப்போச்சு என்று பீரோவில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு முறை மெதுவாக ஆட்டிப் பாருங்கள்.

அப்புறம் டயல். 6 மணிக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற அளவில் ஓர் எண் இருக்கும். அதுவும் 7009 என்று தொடங்க வேண்டும். மீதி எண் பின்மூடியோடு கொஞ்சம் வேறுபட்டால் பயமில்லை. தொடக்கமே வேறாக இருந்தால் டயல் வேறொரு வாட்சிலிருந்து வந்தது. நம் நாட்டில் விற்கும் பழைய சீக்கோக்களில் டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பது சகஜம். அதனால் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கடைசியாக, பின்மூடியில் தனியாக இருக்கும் ஆறு இலக்க வரிசை எண். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அவற்றின் ஆங்கில முதல் எழுத்து. மாமாவுடையதில் முதலில் 8, அடுத்து 'என்'. ஆக, நவம்பர். ஆனால் 1978-ஆ, 1988-ஆ? 7009 எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி தொண்ணூறுகள் வரை ஓடியது, இரண்டுமே பொருந்தும். எண் இதற்கு மேல் சொல்லாது.

அத்தையிடம் கல்யாண ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். 1983. மாலையைச் சரிசெய்யும் கையில், பட்டுச் சட்டை நுனிக்குக் கீழே, அதே செயின், 4 மணிப் பக்கம் அதே திருகு. அப்படியானால் 1978.