இடிபாட்டுக் கான்கிரீட்டை இறுக்கும் கரியமில வாயு

சாலை விரிவாக்கத்துக்காகத் தம் வார்ப்பு வீட்டின் முன்பகுதியை இடிக்க நேர்ந்த மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர், விழுந்த கான்கிரீட்டை உடைத்துப் புதிய கான்கிரீட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டபோது கொத்தனார் சிரித்துவிட்டதாக எழுதியிருந்தார். சேர்க்கலாம் என்பதே பதில். ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தரவிதி 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோதே இதற்கு இடம் தரப்பட்டுவிட்டது. பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெறும் ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அதுவும் எம் 25 தரம் வரை மட்டும், சேர்க்கலாம் (எம் என்பதை அடுத்த எண் கான்கிரீட்டின் வலுவைக் குறிக்கும்). கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம். அடித்தளத்துக்குக் கீழே போடும் எம் 15க்குக் குறைந்த மெலிந்த கலவையில் முழுவதுமாகவே பயன்படுத்தலாம். செங்கல்லும் செம்புரைக்கல்லும் பூச்சும் கலந்து கிடக்கும் இடிபாட்டுக்கு அந்த மெலிந்த கலவை ஒன்றுதான் அனுமதி.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. இங்குள்ள பாறைகளை உடைத்த கல்லும் ஜல்லியும் எல்லை ஊரான களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குச் செல்வதைப் பற்றிய சச்சரவு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் தமிழ்நாட்டுக் கல் போயிருக்கிறது. அதே கேரளத்தில், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதற்காக உச்ச நீதிமன்ற ஆணைப்படி மரடு நகராட்சியின் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் தகர்க்கப்பட்டபோது, எழுபதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட இடிபாட்டை என்ன செய்வது என்பது பெரிய கேள்வியாக எழுந்தது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2.4 டன், அதில் முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான். ஒரு பக்கம் மலையைக் குடைந்துகொண்டே மறுபக்கம் அதே மலைக்கல்லை இடிபாடாகக் குளத்தில் கொட்டி மூடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மறுசுழற்சி ஆலையின் வேலை பெரும்பாலும் நாம் அறிந்ததே. இடிபாட்டைக் கிரஷரில் உடைக்கிறார்கள். காந்தத்தால் கம்பித் துண்டுகளைப் பிரிக்கிறார்கள். காற்றாலோ நீராலோ மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் நீக்கிச் சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். டெல்லியின் புராரியில் 2009 முதல் இத்தகைய ஆலை இயங்கிவருகிறது. சென்னையிலும் பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஆலைகள் அமைக்கப்பட்டன.

கொத்தனாரின் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடைத்தெடுத்த ஜல்லியில் கருங்கல் மட்டும் இருப்பதில்லை. அதன் மேல் பழைய சிமென்ட் சாந்து ஒட்டிக்கொண்டே வருகிறது. கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். சாந்து ஒட்டிய ஜல்லியோ 3 முதல் 8 சதவீதம் வரை உறிஞ்சக்கூடும். கலவைக்கென்று அளந்து ஊற்றிய நீரை அது இழுத்துக்கொள்வதால் கலவை இறுகிப்போகிறது. மேஸ்திரி கூடுதலாக நீர் ஊற்றினால் வலு குறைகிறது. மேலும், கல்லும் சாந்தும் தொடும் இடத்தில், சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனே உள்ள, நுண்துளை நிறைந்த ஒரு மெல்லிய படலம் எப்போதும் உண்டு; கான்கிரீட்டில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பழைய ஜல்லியைச் சேர்க்கும்போது கல்லுக்கும் பழைய சாந்துக்கும் இடையே ஒன்று, பழைய சாந்துக்கும் புதிய சாந்துக்கும் இடையே இன்னொன்று என அந்தப் பலவீனம் இரட்டிப்பாகிறது. சாந்தைத் தேய்த்து அகற்றலாம், சூடாக்கி உதிர்க்கலாம், அமிலத்தில் ஊறவைத்துக் கரைக்கலாம். எல்லாவற்றுக்கும் செலவும் ஆற்றலும் தேவை.

அகற்றாமல் அதை அங்கேயே வலுவாக்கும் வழியும் இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது, வலுவைத் தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டோடு கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது நீற்றிய சுண்ணாம்பும், உண்டாகிச் சாந்துக்குள்ளேயே தங்குகிறது. கரியமில வாயு பட்டால் அது கால்சியம் கார்பனேட்டாக மாறும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதிப் பால்போல் ஆக்கிப் பள்ளியில் பார்த்த அதே வினைதான். இதில் கவனிக்க வேண்டியது கன அளவு: புதிதாக உருவாகும் கார்பனேட், தான் உருவாக இடம் தந்த சுண்ணாம்பைவிட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நுண்துளைக்குள் நிகழும் இந்தப் பெருக்கம் துளையையே அடைக்கிறது. அதனால் ஜல்லி உறிஞ்சும் நீர் குறைகிறது, சாந்தும் இறுகுகிறது.

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தில் இதே வினை பகையாளி. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை, அதை அளக்கும் பி.எச். அலகில், 13 அளவில் இருப்பதால் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் நிலைத்திருக்கும். கரியமில வாயு உள்ளே இறங்கி அந்த அளவு 9 வாக்கில் தாழ்ந்துவிட்டால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். பழைய தூண் ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில் காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் குறையாத உட்பகுதி இளஞ்சிவப்பாக மாறும், வெளி விளிம்பு நிறமற்று நிற்கும். பல பத்தாண்டுகளில் வாயு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுவதால், இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம் ஆகும். ஆனால் தூணை 20 மில்லிமீட்டர் ஜல்லியாக உடைத்துவிட்டால் எல்லாச் சாந்தும் மேற்பரப்புக்கு அருகில் வந்துவிடுகிறது. காற்றில் 0.04 சதவீதமே உள்ள வாயுவை மூடிய அறைக்குள் பல பத்துச் சதவீதமாகச் செறிவூட்டினால், பத்தாண்டுகளின் வேலை மணிக்கணக்கில், அல்லது ஓரிரு நாளில், முடிந்துவிடும். ஜல்லி முற்றிலும் காய்ந்திருந்தால் வாயு கரைய நீர் இருக்காது; நனைந்து சொட்டினால் துளைகள் அடைபட்டு வாயு நுழையாது; எனவே 50 முதல் 70 சதவீத ஈரப்பதமே உகந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமென்ட் செய்தபோது காற்றில் விட்ட வாயுவில் ஒரு பகுதியாவது இப்படிக் கல்லாகத் திரும்புகிறது.

புதுவகைச் சிமென்ட் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் ஆராய்ச்சி நிதியில் ஒரு சிறு பங்கை, மாவட்டந்தோறும் இடிபாட்டு ஜல்லியைச் சோதித்துச் சான்றளிக்கும் கூடங்களுக்கு ஒதுக்கினால் பயன் உடனடியாகக் கிடைக்கும் என்பது என் கருத்து. அரசு ஒப்பந்தங்களில் இத்தகைய பொருட்களை 10 முதல் 20 சதவீதம் வரை கட்டாயமாக வாங்கச் செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே சொல்லியிருந்தன. சான்று இல்லாத ஜல்லியை எந்தப் பொறியாளர் துணிந்து ஒப்பந்தத்தில் எழுதுவார்? இடித்த வீட்டுப் பொருள் புதுவீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து பேசுவோரையும் பார்க்கிறேன். பழைய தறவாட்டு (பூர்விகக் குடும்ப) வீட்டின் தேக்குக் கதவும் அயனி மரத் தூணும் நல்ல விலைக்கு வந்தால் அவர்களே முதலில் வாங்குகிறார்கள். தோஷமெல்லாம் ஜல்லிக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கரியமில வாயுவால் தீராத ஒரு சிக்கல் உப்பு. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கட்டடங்களில் உப்புக்காற்றாலோ சரியாகக் கழுவாத மணலாலோ உப்பின் கூறான குளோரைடு ஏறியிருக்கலாம். சாந்து கார்பனேட்டாக மாறும்போது, அதில் வேதிப் பிணைப்பில் கட்டுண்டிருந்த குளோரைடும் விடுபடும். அந்த ஜல்லி கம்பியைத் தொட்டால் துரு விரைவாகும். ஆகவே கடலோர இடிபாட்டைக் குளோரைடு சோதனை செய்யாமல் தூணுக்கும் கூரைத் தட்டுக்கும் சேர்க்கக் கூடாது. நடைபாதைக் கல், மதிலுக்கான ஹாலோ பிளாக், அடித்தளத்துக்குக் கீழான மெலிந்த கலவை ஆகிய கம்பியில்லா வேலைகளுக்கு, மேலே சொன்ன வரம்புக்குள், அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.