டார்க் வெசல்: தடமறை கலம்

கண்காணிப்புத் திரையில் தடம் தெரியாத கப்பலை ஆங்கிலத்தில் ‘டார்க் வெசல்’ என்கிறார்கள். அதை ‘இருட்டுக் கப்பல்’ என்று பெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும். இரவில் விளக்கு போட்டு ஊசிக்கணவாய் பிடிக்கும் ஒரு கப்பலின் விளக்குகள் மட்டுமே 300 கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும். நடுக்கடலில் அது பளிச்சென்று தெரியும். அதையும் ‘டார்க்’ என்றுதான் சொல்கிறார்கள்.

காரணம் ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாள அமைப்பு. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வந்த கருவி இது. பெயர், இருப்பிடம், வேகம் ஆகியவற்றை விஎச்எஃப் வானொலி அலைவரிசையில் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஓயும்போது கண்காணிப்புத் திரையில் கலம் இல்லாமல் போகிறது. அந்த இல்லாமைக்குத்தான் ‘டார்க்’ என்று பெயர்.

‘வெசல்’ லத்தீன் வழி வந்தது. ‘வாஸ்’ என்றால் பாத்திரம். அதன் சிறுமை வடிவம் ‘வாஸ்கெல்லும்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கப்பலுமானது. தமிழ் இங்கே கடன் வாங்க வேண்டியதில்லை. உண்கலமும் கலம்தான், மரக்கலமும் கலம்தான்.

தடம் தெரியாத கலத்தை அதன் வெளிச்சமே காட்டிக்கொடுக்கிறது. சுவோமி என்பிபி (2011), நோவா-20 (2017), நோவா-21 (2022) ஆகிய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் விஐஐஆர்எஸ் என்ற ஒளியுணரி உண்டு. இரவின் மங்கலான ஒளியையும் பதியும் அதன் ‘பகல்-இரவுப் பட்டை’, உள்ளூர் நேரம் நள்ளிரவு 1.30 மணியளவில் கடலைப் படமெடுக்கிறது. ஒரு படப்புள்ளியின் அகலம் சுமார் 742 மீட்டர். சுற்றியுள்ள புள்ளிகளைவிடக் கூர்மையாக எகிறும் புள்ளியைக் கணினி பிரித்தெடுக்கும். அதே நேரத்து ஏஐஎஸ் பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தாமல் மிஞ்சும் ஒளிகளை ஆராய வேண்டும்.

பிழை வரும் இடங்கள் பல. நிலவொளி பட்ட மேக விளிம்பு, மின்னல், கடலில் எரியும் எண்ணெய்க் கிணற்றுச் சுடர், உணரியில் மோதும் மின்னேற்றத் துகள் எல்லாம் படகுபோலவே தெரியும். அடர்மேகம் ஒளியை மறைத்துவிடும். ஒரே புள்ளிக்குள் நான்கு படகு நின்றாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். இழுவைப் படகில் விளக்கு குறைவு என்பதால் ராடார் படமும் பகல் படமும் தேவைப்படும். வட கொரியக் கடலில் 2017இல் 900க்கும் மேற்பட்ட சீனக் கலங்கள் மீன்பிடித்ததை, 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவற்றையெல்லாம் இணைத்துத்தான் கண்டறிந்தது.

மிஞ்சிய ஒளி எல்லாம் திருட்டு மீன்பிடிப்பு அல்ல. பன்னாட்டு விதிப்படி, பன்னாட்டுப் பயணத்தில் மொத்தக் கொள்ளளவு (கிராஸ் டன்னேஜ்) 300க்குக் குறையாத கப்பல்களுக்கும், உள்நாட்டுப் பயணத்தில் 500க்குக் குறையாத சரக்குக் கப்பல்களுக்கும், எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும் ஏஐஎஸ் கட்டாயம். சிறு படகில் பெரும்பாலும் கருவியே இருக்காது. நெரிசலான கடலில் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று மோதித் தொலைவதும் உண்டு.

அதனால்தான் ‘தடமறை கலம்’ பொருந்துகிறது. இது வினைத்தொகை. தடத்தை மறைத்த கலம், தடம் மறைந்த கலம் இரண்டையும் குறிக்கும், குற்றம் சாட்டாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே ‘தடமறைக் கலம்’ என்று எழுதக்கூடாது.