நிக்கேய் என்றால் யார்?

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜப்பானியத் துணைத்தூதர் ஒருவர் ‘நிக்கேய் சமூகத்தினரை’ச் சந்தித்த செய்தி. மொழிபெயர்த்த தம்பி அதைப் ‘பங்குச் சந்தை முதலீட்டாளர்கள்’ என்று எழுதி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வணிகச் செய்தியில் தினமும் காதில் விழும் நிக்கேய், டோக்கியோ பங்குக் குறியீடுதானே! அந்தப் பெயர் ‘நிஹொன் கெய்ஸாய்’ என்ற நாளிதழின் பெயரிலிருந்து வந்த சுருக்கம். கெய்ஸாய் என்றால் பொருளாதாரம். துணைத்தூதர் சந்தித்த நிக்கேய் வேறு: ஜப்பானிலிருந்து வெளிநாடு போய்க் குடியேறியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். ஒலி அதேதான், எழுத்து வேறு. போதாக்குறைக்கு இலவங்கப்பட்டைக்கும் ஜப்பானிய மொழியில் நிக்கேய் என்று ஒரு பெயர் உண்டு.

இந்த மக்களைக் குறிக்கும் நிக்கேயைப் பிரித்தால் நிச்சி, கேய் என்று இரண்டு துண்டு. சேரும்போது ‘ச்சி’ கெட்டு ‘க்’ இரட்டிக்கிறது. புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. நிச்சி என்றால் சூரியன், இங்கே ஜப்பான். கேய் என்பதை எழுதிப் பார்த்தால்தான் அழகு: நூலைக் குறிக்கும் எழுத்தின் தலைமேல் ஒரு சாய்கோடு. அறாமல் தொடரும் இழை, அதனால் வழி, மரபு.

இந்த இழை கப்பலில் போனது. 1899-இல் சகுரா மாரு பெருவுக்கு 790 பேரை ஏற்றிச் சென்றது. 1908 ஜூன் 18 அன்று கசாத்தோ மாரு, கோபேயிலிருந்து 781 ஒப்பந்தக் குடியேறிகளோடு பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் போனது காப்பித் தோட்டங்களுக்கு. இன்று பிரேசிலில் மட்டும் நிக்கேய் மக்கள் 20 லட்சத்துக்கும் மேல். தலைமுறையை எண்ணால் சொல்வார்கள்: கப்பலேறியவர் இஸ்ஸேய், பிள்ளை நிசேய், பேரன் சன்சேய், கொள்ளுப்பேரன் யொன்சேய்.

சரி, துணைத்தூதருக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? இங்கேதான் சொல் முக்கியமாகிறது. வெளிநாட்டில் வாழும் ஜப்பானியக் குடிமக்களுக்கு ‘சாய்ர்யூ ஹோஜின்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. அவர்கள் சுமார் 13 லட்சம் பேர். கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, ஆபத்தில் உதவி எல்லாம் அவர்களுக்குச் செய்தாக வேண்டிய வேலை. நிக்கேய்களில் பெரும்பாலோர் பிரேசில் குடிமக்கள், பெரு குடிமக்கள், அமெரிக்கக் குடிமக்கள். அவர்களிடம் துணைத்தூதருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. வருகிறார், விழாவில் பேசுகிறார், ஜப்பானில் ஒரே மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களின் சங்கமான ‘கென்ஜின்காய்’ நடத்தும் கூட்டத்தில் முதியவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், சமூகத்துக்கு உழைத்தவருக்கு வெளியுறவு அமைச்சரின் பாராட்டுப் பத்திரத்தைப் படித்து இரண்டு கையாலும் நீட்டுகிறார். சாவ் பாவ்லோவின் இபிராபுவேரா பூங்காவில் மறைந்த முன்னோடிகளுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து பெரியவர்கள் யார் வந்தாலும் அங்கே மலர் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இந்த உறவு எப்போதும் இப்படி இதமாக இருந்ததில்லை. போருக்கு முன் ஹவாயில் ‘தொரித்சுகினின்’ என்று சிலர் இருந்தார்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள், புத்த குருமார்கள், கடைக்காரர்கள். துணைத்தூதரகத்துக்குப் போக முடியாத தோட்டத் தொழிலாளிக்கு ஊரிலேயே படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், படிவம் நிரப்பியதே சந்தேகத்துக்குக் காரணமாகி, அவர்களில் பலர் கைதானார்கள். துணைத்தூதரகத்தின் நிழல் பட்டாலே ஆபத்து என்ற பயம் பின்னாலும் சீக்கிரம் போய்விடவில்லை. அமெரிக்காவில் நிக்கேய் என்ற சொல்லை ஒரு தூதர் அளந்து பேசினால் அதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘புலம்பெயர்ந்த ஜப்பானியர்’ என்று எழுதிவிடுகிறோம். நல்ல பழஞ்சொல்தான், பட்டினப்பாலையிலேயே ‘புலம்பெயர் மாக்கள்’ வருகிறார்கள். ஆனால் சாவ் பாவ்லோவில் பிறந்து போர்ச்சுகீசியம் பேசும் சன்சேய் எந்தப் புலத்திலிருந்து பெயர்ந்தார்? பெயர்ந்தது தாத்தா. ‘வெளிநாடுவாழ் ஜப்பானியர்’ ஹோஜினுக்குப் பொருந்தும், நிக்கேய்க்குப் பொருந்தாது. ‘இந்திய வம்சாவளியினர்’ நமக்குப் பழகிய சொல் என்பதால் ‘ஜப்பானிய வம்சாவளியினர்’ என்றால் உடனே புரியும். வம்சம் என்ற வடசொல்லுக்கு மூங்கில் என்றும் பொருள். கணு கணுவாக வளரும் குலம். தமிழில் அதற்குக் ‘கொடிவழி’ இருக்கிறது. ஜப்பானியருக்கு நூல், வடமொழிக்கு மூங்கில், நமக்குக் கொடி! ‘ஜப்பானியக் கொடிவழியினர்’ அழகுதான், ஆனால் செய்தியில் படிப்பவர் தேசியக் கொடியை நினைத்துக்கொள்வார். அதனால் ‘ஜப்பானிய வழியினர்’ என்பதே என் தேர்வு. கேய் என்ற எழுத்துக்கும் அது நேராகப் பொருந்துகிறது.

தம்பியின் பிரதியில் முதலீட்டாளர்களை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அப்புறம் அவர் கேட்டார்: “அப்போ இலவங்கப்பட்டை நிக்கேய்க்கும் இந்த எழுத்துதானாண்ணா?” அதற்கு வேறு எழுத்து என்றேன்.