மாடல்: மாதிரி என்று எழுதினால் போதுமா?

"பனிக்கட்டி மாதிரிகளைக் கொண்டு காலநிலை மாதிரிகளைச் சரிபார்த்தார்கள்." காலநிலை மாற்றம் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது நானே எழுதிய வரி இது. திரும்பப் படித்தால் எனக்கே குழப்பம். முதல் மாதிரி, அண்டார்க்டிகாவில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனித்தூண். 8 லட்சம் ஆண்டுகள் வரை பழைய காற்று அதில் குமிழ் குமிழாக அடைபட்டிருக்கிறது. இரண்டாவது மாதிரி, கணினியில் ஓடும் சமன்பாடுகளின் தொகுப்பு. ஆங்கிலத்தில் முன்னது சாம்பிள், பின்னது மாடல். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

மாடல் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'மோடுஸ்', அதாவது அளவு. அதன் குறுக்க வடிவம் 'மோடுலுஸ்', சிற்றளவு. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், தூணின் பருமனிலிருந்து ஓர் அடிப்படை அளவை எடுத்துக் கோயிலின் மற்றப் பகுதிகளை அதன் மடங்குகளாகச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். இத்தாலியில் அது 'மொதெல்லோ' ஆனது: பெரிய கட்டடத்தை எழுப்புமுன் செய்துகாட்டும் சிறிய உரு. பிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 1418இல் போட்டி அறிவித்தபோது புருனெல்லெஸ்கி முன்வைத்தது அப்படி ஒன்றைத்தான். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் பேச்சில் 'எந்த வருஷத்து மாடல் வண்டி' வரைக்கும் வந்துவிட்டது.

கல்லும் மரமும் இல்லாமல் வெறும் கணக்கால் மாடல் செய்ய முடியும் என்று காட்டியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 அன்றைய ஐரோப்பிய வானிலையின் 6 மணி நேர மாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. அவ்வளவு பெரிய பிழையையும் மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் வழியில்தான் இன்றைய வானிலைக் கணிப்பு நடக்கிறது. 1967இல் காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் வளிமண்டலத்தை ஒற்றை நெடுந்தூணாக எடுத்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பம் சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் கூடும் என்று கணக்கிட்டார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இந்த மாடல்களுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும். உலகக் காலநிலை மாடல்களில் ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அகலம். ஊட்டியின் குளிரும் மேட்டுப்பாளையத்தின் வெயிலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஒரே சராசரியாகிவிடும். மேகம் அதைவிடச் சிறியது, அதனால் அதைத் தோராயமான சூத்திரத்தால்தான் ஈடுகட்டுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு நுழைவது இங்கேதான். இதிலும் 'மாடல்' என்றே சொல்கிறார்கள், ஆனால் செய்முறை வேறு. காற்று எப்படி நகரும் என்ற இயற்பியலை யாரும் அதற்கு எழுதித் தருவதில்லை. கூகுள் டீப்மைண்டின் கிராப்காஸ்ட், 1979 முதல் 2017 வரையான 39 ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துப் படித்து, இன்றைய நிலைக்குப் பின் என்ன வரும் என்று பழகிக்கொண்டது. 10 நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடும். அது படித்த அந்தப் பதிவுகளே, உண்மையான அளவீடுகளைப் பழைய சமன்பாட்டு மாடலோடு இணைத்து ஐரோப்பிய வானிலை மையம் தயாரித்தவை. ஆக, புதிய மாடலின் பாடப்புத்தகத்தை எழுதியதில் பழைய மாடலுக்கும் பங்கு உண்டு! கணிதம் இனி வேண்டாம், எல்லாவற்றையும் நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அப்புறம், கடந்த காலத்தை மட்டுமே படித்த ஒன்றை இதுவரை யாரும் பார்க்காத அளவுக்குச் சூடான பூமியைப் பற்றிக் கேட்டால், அதன் விடையை அப்படியே நம்பிவிட முடியாது. அதனால்தான் கூகுளின் நியூரல்ஜிசிஎம் போன்ற கலப்பு மாடல்கள் பெரிய காற்றோட்டங்களைச் சமன்பாட்டால் தீர்த்துவிட்டு, மேகம் போன்ற சிறியவற்றை மட்டும் படித்துப் பழகிய பகுதியிடம் விடுகின்றன. 2025இல் இந்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று குறுஞ்செய்தி அனுப்பியதே, அந்தக் கணிப்பிலும் நியூரல்ஜிசிஎம்முக்குப் பங்கு இருந்தது. விதைப்பதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மாதிரி' மோசமான சொல் இல்லை. 'அந்த மாதிரி', 'அவன் மாதிரி' என்று பேசும்போது, அதைப் போல இருக்கிறது ஆனால் அதுவே இல்லை என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. மாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. ஆனால் ரத்த மாதிரி, மண் மாதிரி என்று சாம்பிளுக்கும் அது போய்விட்டது. 'பாவனை' என்று எழுதினால் இலங்கையில் பயன்பாடு என்று படிப்பார்கள். 'போல்' என்ற வேரிலிருந்து ஆக்கிய 'போல்மம்' எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தேர்வு 'மாதிரியுரு'. தெரிந்த சொல்லோடு 'உரு' சேர்ந்ததும், இது யாரோ செய்து வைத்தது என்பது தெளிவாகிறது. சாம்பிளுக்குப் புள்ளியியல் பாடத்தில் 'கூறு' இருக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமானது 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதில் வரும் 'பதம்'. அந்தப் பருக்கை பானையிலிருந்தே எடுத்தது. மாதிரியுருவோ பானைக்கு வெளியே நாம் செய்தது, அதனால்தான் அதைப் பதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "பனிக்கட்டிப் பதங்களைக் கொண்டு காலநிலை மாதிரியுருக்களைச் சரிபார்த்தார்கள்." இரண்டு வகை மாடல்களையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சமன்பாட்டு மாதிரியுரு', 'பயின்ற மாதிரியுரு' என்று எழுதுகிறேன்.